ஊறலில் மிஞ்சும் காரம்

பில்சன் நகரத்துப் பீர் வைக்கோல் நிறத்தில் இருக்கும். மியூனிக்கின் பழைய பீர் பழுப்பு. டப்ளின் பீர் கறுப்பு. மூன்று ஊரிலும் அடிப்படையில் போடுவது பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர் ஆகிய நான்குதான். பிறகு ஏன் ஊருக்கொரு நிறம்?

யாரைக் கேட்டாலும் "அந்த ஊர்த் தண்ணீர் அப்படி" என்பார்கள். இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி பல சிறு பீர் ஆலைக்காரர்களை வழிதவற வைத்திருக்கிறது. புகழ்பெற்ற ஊர்களின் தண்ணீரில் எந்த உப்பு எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று பட்டியல்கள் உண்டு. அதைப் பார்த்து ஒவ்வொரு உப்பாக எடைபோட்டுக் கலந்து, "பர்ட்டன் தண்ணீர்", "டப்ளின் தண்ணீர்" என்று தொட்டியிலேயே தயாரித்துவிடுவார்கள். ஆனால் பீர் அந்த ஊர்ப் பீராக வராது. குழாயில் வரும்போது தண்ணீர் எப்படி இருந்தது என்று பார்த்து என்ன பயன்? மால்ட்டோடு சேர்ந்த பிறகு அது என்ன செய்கிறது என்றல்லவா பார்க்க வேண்டும்?

ஒரு மணி நேர வேலை

பார்லியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டுக்கு மாவைத் தின்னத் தெரியாது; சர்க்கரை வேண்டும். அதனால் பார்லியை நனைத்து முளைகட்ட விட்டு, முளை பெரிதாவதற்குள் சூடான காற்றில் உலர்த்திவிடுகிறார்கள். அப்படிக் கிடைப்பது மால்ட். முளைக்கும் விதை தன் மாவைத் தானே கரைத்துச் சாப்பிடுவதற்காகச் சில நொதிகளைத் தயாரித்து வைத்திருக்கும். பதமாக உலர்த்தினால் அவை சாவதில்லை, செயலற்றுக் கிடக்கும். மால்ட்டை ஒன்றிரண்டாக உடைத்து 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் கலந்தால் அவை மறுபடி வேலையைத் தொடங்கும். இந்தக் கலவையை ஊறல் என்போம். அதிலிருந்து வடித்தெடுக்கும் இனிப்புத் தண்ணீரைச் சாறு என்போம்.

மாவை வெட்டும் நொதிகளில் முக்கியமானவை இரண்டு. மாவுச்சத்து என்பது நீண்ட சங்கிலி. ஒரு நொதி சங்கிலியின் நுனியிலிருந்து துண்டு துண்டாக நறுக்கி, ஈஸ்ட்டுக்குப் பிடித்த சர்க்கரையாகக் கொடுக்கும். அது 60 முதல் 65 டிகிரி வரை சுறுசுறுப்பாக இருக்கும். இன்னொன்று சங்கிலியை நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும். அதற்கு 70 டிகிரியை ஒட்டிய சூடு பிடிக்கும். 65, 66 டிகிரியில் இரண்டும் சேர்ந்து உழைக்கின்றன. வேலை முடிந்ததா என்று பார்க்க, வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டு ஊறலை விட்டு, பக்கத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டுக் கலக்கிப் பார்ப்பார்கள். மாவு மிச்சமிருந்தால் கருநீலமாகும். மஞ்சளாகவே நின்றால் மாவு தீர்ந்தது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் செய்த அதே சோதனைதான்.

சூட்டைப் பார்த்துக்கொள்ள எல்லா ஆலையிலும் தெர்மாமீட்டர் இருக்கிறது. நொதிகளுக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு: ஊறல் லேசான அமிலமாக இருக்க வேண்டும். அங்கேதான் தண்ணீர் நுழைகிறது.

5.2 முதல் 5.6 வரை

அமிலத்தை அளக்கும் பி.எச். என்ற அளவு பிறந்ததே ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில்தான். 1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில், நொதிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த சோரன்சன் என்ற வேதியியலாளர் இதை வகுத்தார். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும். 0.3 இறங்கினாலே இரண்டு மடங்கு. ஆகவே 0.3 என்பதைச் சில்லறையாக நினைத்துவிடக் கூடாது.

ஊறலுக்கு ஏற்ற பி.எச். 5.2 முதல் 5.6 வரை. 6க்குப் போய்விட்டால் நொதிகள் நின்றுவிடாது, மந்தமாகும். அதைவிடப் பெரிய தொல்லை மால்ட்டின் உமியில் இருக்கிறது. உமியில் துவர்ப்புப் பொருள்கள் உண்டு. பி.எச். ஏறினால் அவை எளிதாகக் கரைந்து சாற்றில் இறங்கிவிடும். கடுந்தேநீர் குடித்ததுபோல நாக்கு வறளும். பின்னால் கொதிக்கவைக்கும்போது ஹாப்ஸின் கசப்பு முரட்டுத்தனமாக இறங்கும், நிறமும் கூடுதலாக ஏறும். வெளிர்நிறப் பீரில் இந்தக் குறைகளை மறைக்க இடமே கிடையாது. கறுப்புப் பீரில் வறுத்த தானியத்தின் வாசனை கொஞ்சம் மூடி மறைக்கும்.

பாத்திரத்தில் படியும் வெள்ளை

போர்வெல் தண்ணீர் காய்ச்சும் வீடுகளில் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு பிடித்திருக்கும். அது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் இதே பொருள்தான். நிலத்தடியில் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு வரும்போது கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்தே வருகின்றன. சூடு பட்டால் பைகார்பனேட் உடைந்து கார்பன் டை ஆக்சைடு ஆவியாகப் போய்விடும். மிஞ்சுவது கரையாமல் அடியில் படிகிறது.

பீர் ஆலைக்கு இந்த இருவரும் எதிரெதிர்க் கட்சி. பைகார்பனேட் அமிலத்தை விழுங்கும், ஊறலின் பி.எச்.சை ஏற்றும். கால்சியம் செய்வது நேர்மாறு. மால்ட்டில் பாஸ்பேட் நிறைய இருக்கிறது. கால்சியம் அதோடு சேர்ந்து கரையாத பொருளாக அடியில் இறங்கும்போது அமிலத்தை வெளியே விடும். பி.எச். குறையும். மக்னீசியமும் இதைச் செய்யும், ஆனால் பாதி வேகம்தான்.

மூன்றாவது ஆள் மால்ட்டேதான். வெளிர் மால்ட்டை வாலைநீரில் ஊறவைத்தால் பி.எச். 5.7, 5.8இல் நிற்கும். கருக வறுத்த மால்ட்டைத் தனியாக அதே வாலைநீரில் ஊறவைத்தால் 4.6ஐ ஒட்டி இருக்கும். வறுக்கும்போது அமிலங்கள் உண்டாவதே காரணம்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பைகார்பனேட் மிகுந்த ஊரில் வெளிர் மால்ட்டை மட்டும் போட்டால் ஊறல் 6க்கு ஏறிவிடும், பீர் துவர்க்கும். அதே தண்ணீரில் கறுத்த மால்ட் கொஞ்சம் சேர்த்தால் அதன் அமிலம் பைகார்பனேட்டை அடக்கி ஊறலைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரும். பி.எச். என்ற பேச்சே இல்லாத காலத்தில், எந்த மால்ட் போட்டால் பீர் நன்றாக வருகிறதோ அதையே ஒவ்வொரு ஊரும் பிடித்துக்கொண்டது.

பாதி உண்மையின் மறுபாதி

பில்சன் தண்ணீர் மிக மென்மையானது. கால்சியம் லிட்டருக்கு சுமார் 10 மி.கி., பைகார்பனேட்டும் பெயருக்குத்தான். பவேரியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட யோசப் குரோல் 1842 அக்டோபரில் அங்கே முதல் வெளிர்நிற லாகரைக் காய்ச்சினார். தண்ணீரால்தான் அது நடந்தது என்று கதை முடிந்துவிடும். ஆனால் அதே ஊரில், அதே தண்ணீரில், அதற்கு முன்பு பல தலைமுறைகளாகக் காய்ச்சிய பீர் வெளிராக இல்லையே! 1838இல் கெட்டுப்போன பீர்ப் பீப்பாய்களை நகரசபைக்கு முன்னால் கவிழ்த்துக் கொட்டினார்கள் என்பது அந்த ஊர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கதை. மாறியது மால்ட் உலர்த்தும் முறை. புதிய ஆலை இங்கிலாந்து பாணியில் அமைந்த சூளையைப் பயன்படுத்தியது. நெருப்பும் புகையும் நேரே தொடாமல், சூடான காற்றில் மால்ட் வெளுப்பாகவே உலர்ந்தது. அந்த மால்ட்டுக்கு இடைஞ்சல் செய்யாத தண்ணீர் தற்செயலாக அங்கே இருந்தது.

மியூனிக்கில் எதிர்ப்பக்கச் சாட்சி கிடைக்கிறது. பைகார்பனேட் மிகுந்த அந்தத் தண்ணீரில் பழுப்புப் பீர்தான் வரும் என்றிருந்தது. 1894இல் அங்குள்ள ஸ்பாட்டன் ஆலை ஹெல்லஸ் என்ற வெளிர்நிறப் பீரைக் கொண்டுவந்தது. ஊர் அதே ஊர். தண்ணீரைச் சுண்ணாம்பால் பக்குவப்படுத்தும் வித்தை வந்துவிட்டது. அந்த வித்தைக்குக் காப்புரிமை வாங்கியவர் அபர்தீன் பேராசிரியர் தாமஸ் கிளார்க், ஆண்டு 1841. பீருக்காக அல்ல, ஊர்க் குடிநீருக்காக.

டப்ளின் பட்டியலை நம்பி உப்புக் கலக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. கின்னஸ் ஆலை எடுத்துக்கொள்வது விக்லோ மலைத் தண்ணீர். அது மென்மையானது.

இங்கிலாந்தின் பர்ட்டன் வேறு விதம். அங்கே தண்ணீரில் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், கரைந்திருக்கிறது. சல்பேட் லிட்டருக்கு 600 மி.கி.யைச் சுற்றி. கால்சியமும் ஏராளம் என்பதால் வெளிர் மால்ட்டிலும் பி.எச். இறங்கியது. சல்பேட் ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கியது. உலகப் புகழ்பெற்ற வெளிர் ஏல் அங்கே கிளம்பியதற்கு இது ஒரு காரணம்.

மிச்சக் காரம்

தண்ணீரின் இந்த இழுபறியை ஒரே எண்ணாக்கியவர் ஜெர்மானிய பீர் வேதியியலாளர் பவுல் கோல்பாக். வரவில் செலவு போக நிற்கும் பாக்கிபோல, பைகார்பனேட்டின் காரத்தில் கால்சியமும் மக்னீசியமும் அடித்தது போக மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்தார். அதை மிச்சக் காரம் என்போம். அவர் கண்ட விகிதம் இது: மூன்றரைப் பங்கு கால்சியம் ஒரு பங்கு காரத்தை அடிக்கும், மக்னீசியமாக இருந்தால் ஏழு பங்கு வேண்டும்.

கணக்குப் போட ஒரே ஒரு எச்சரிக்கை. மூன்றையும் ஒரே அலகில் வைக்க வேண்டும். ஆய்வறிக்கைகளில் காரத்தன்மையும் கடினத்தன்மையும் "கால்சியம் கார்பனேட்டாக" என்று போட்டிருப்பார்கள். அந்த அலகே வசதி. வெறும் கால்சியம் என்று கொடுத்திருந்தால் 2.5ஆல் பெருக்குங்கள். மக்னீசியத்தை 4.1ஆல்.

500 லிட்டருக்கு ஒரு கணக்கு

ஒரு சிறு ஆலை 500 லிட்டர் வெளிர்நிற லாகர் காய்ச்ச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மால்ட் 100 கிலோ. ஊறவைக்கவும் அலசவும் சேர்த்துத் தண்ணீர் 700 லிட்டர். தண்ணீர் பழைய மியூனிக் சாயல்: கால்சியம் 80 மி.கி., மக்னீசியம் 20 மி.கி., காரத்தன்மை 250 மி.கி.

கால்சியம் 80 என்பது நம் அலகில் 200. அதில் மூன்றரைக்கு ஒன்று என்றால் 57. மக்னீசியம் 20 என்பது 82. ஏழுக்கு ஒன்று, சுமார் 12. இரண்டும் சேர்ந்து 69. 250இல் 69 போனால் மிச்சக் காரம் 181. தோராயமாக இத்தனை மிச்சக் காரம் பி.எச்.சை 0.3 ஏற்றும். வெளிர் மால்ட்டின் 5.75 என்பது 6.05 ஆகிவிடும். நமக்கு வேண்டியது 5.4.

முதலில் கைபோவது அமிலப் புட்டிக்கு. லாக்டிக் அமிலம் ஊற்றி 250இல் 225ஐ அடித்துவிட்டால் லிட்டருக்கு 400 மி.கி. லாக்டேட் பீரில் தங்கிவிடும். அந்த அளவில் நுண்ணிய நாக்குகளுக்குப் புளிப்பு தெரிய ஆரம்பிக்கும். வெளிர் லாகருக்கு இந்த வழி எனக்குச் சம்மதமில்லை. பாஸ்பாரிக் அமிலம் ருசியில் அவ்வளவு தெரியாது என்பதால் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இரண்டாவது வழி கொதிக்கவைப்பது. 700 லிட்டரையும் நன்றாகக் கொதிக்கவிட்டு, படிவு இறங்கியதும் மேல்தெளிவை எடுத்துக்கொண்டால் காரத்தன்மை 100 வரை இறங்கும். ஆனால் கால்சியமும் கூடவே போய் 20 மி.கி.தான் நிற்கும். இப்போது மிச்சக் காரம் 74. பாதிக்கும் கீழே வந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. ஈஸ்ட் நன்றாகத் திரண்டு அடியில் இறங்கவும் கால்சியம் வேண்டும். 200 கிராம் கால்சியம் குளோரைடு போட்டால் கால்சியம் 100 மி.கி.க்கு ஏறும். மிச்சக் காரம் 20க்கும் கீழே வந்துவிடும். கறாரான கசப்பு வேண்டுமானால் அதில் ஒரு பகுதியை ஜிப்சமாக மாற்றிக்கொள்ளலாம். குளோரைடு பீருக்குக் கனமான, உருண்ட வாய்ருசி தரும்.

எரிவாயுக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு கிளார்க்கின் சுண்ணாம்பு. காரத்தன்மையில் அதே 150 மி.கி.யை இறக்க 700 லிட்டருக்கு நீற்றுச் சுண்ணாம்பு 80 கிராமை ஒட்டிப் போதும். தண்ணீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடுக்காகக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். சூடேற்ற வேண்டாம். கலக்கி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, காலையில் மேலாக இறுத்தால் சரி. சுண்ணாம்பு கூடிப்போனால் தண்ணீரின் பி.எச். 10ஐத் தாண்டும் என்பதால் அளந்து பார்க்காமல் ஊறலுக்கு விடக் கூடாது.

இன்றைய ஆலைகள் பெரும்பாலும் ஆர்.ஓ. எந்திரத்தை நம்புகின்றன. ஐந்தில் நான்கு பங்கு ஆர்.ஓ. தண்ணீரும் ஒரு பங்கு குழாய்த் தண்ணீரும் கலந்தால் மிச்சக் காரம் 36. கால்சியத்தைக் கையால் சேர்த்துக்கொள்ள வேண்டும். எளிய வழிதான், ஆனால் அந்த எந்திரம் கழிவாக வெளியே விடும் தண்ணீரையும் யோசித்துப் பார்க்கலாம்.

எந்த வழியில் போனாலும் நாம் வந்து நிற்பது 5.75, 5.8இல்தான். மிச்சக் காரம் சுழியமானாலும் வெளிர் மால்ட் தானாக 5.4க்கு இறங்காது. பில்சன் தண்ணீரின் பெருமை பேசுகிறவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. அங்கேயும் அந்தக் காலத்தில் ஊறலை முதலில் 35, 40 டிகிரியில் நிறுத்தி, மெதுவாகப் பல கட்டங்களில் சூடேற்றினார்கள். அந்த வெதுவெதுப்பில் மால்ட்டின் பாஸ்பேட் பிரிந்து அமிலம் கூடியது. இப்போது அந்த நேரத்தை மிச்சப்படுத்த லாக்டிக் அமிலம் ஊறிய புளிப்பு மால்ட் கிடைக்கிறது. மொத்த மால்ட்டில் 1 சதவீதம் போட்டால் பி.எச். 0.1 இறங்கும் என்பது ஜெர்மானிய ஆலைகளின் கைக்கணக்கு. நம் 100 கிலோவில் 4 கிலோவை இதாக மாற்றினால் 5.4. நாக்குக்குத் தெரியும் அளவுக்குப் புளிப்பு வராது, ஏனென்றால் பெரும்பகுதிக் காரத்தை முன்பே கழற்றிவிட்டோம்.

அதே ஆலை அடுத்த வாரம் ஸ்டவுட் என்ற கறுப்புப் பீரைக் காய்ச்சினால் இத்தனை பாடு தேவையில்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே எடுத்து, 100 கிலோவில் 10 கிலோ வறுத்த பார்லியும் 8 கிலோ கேரமல் மால்ட்டும் போட்டால் ஊறல் தானாகவே 5.6ஐ ஒட்டி வந்து நிற்கும். அதே ஸ்டவுட்டை பில்சன் தண்ணீரில் காய்ச்சினால் 5.3. கறுப்பை இன்னும் கூட்டினால் 5.2க்கும் கீழே போய், வறுத்த பார்லியின் கசப்பு ஊசியாகக் குத்தும்.

ஒன்று விட்டுப்போயிற்று. ஊராட்சி, மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மால்ட்டின் பீனால்களோடு சேர்ந்தால் மருந்துக்கடை வாடை வரும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். 700 லிட்டருக்கு 4, 5 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போட்டுக் கலக்கினால் குளோரின் போய்விடும். கரித்தூள் வடிகட்டியும் செய்யும்.

ஆறவைத்து அளப்பது

கணக்கு எல்லாம் எதிர்பார்ப்புதான். உண்மை ஊறலில் இருக்கிறது. மால்ட் கலந்து பத்து, பதினைந்து நிமிடம் கழித்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் சாற்றை எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் டம்ளரை நிறுத்தி, 20, 25 டிகிரிக்கு ஆறிய பின் மீட்டரை விட வேண்டும். 65 டிகிரியில் உள்ள சாறு, ஆறிய சாற்றைவிட 0.3 குறைவாகவே இருக்கும். இது மீட்டரின் பிழை அல்ல. சூட்டில் அமிலம் உண்மையிலேயே கூடுதலாகப் பிரிகிறது. மீட்டரில் உள்ள தானியங்கி வெப்பத் திருத்தம் மீட்டரின் கண்ணாடி முனையைத்தான் திருத்தும், இந்த வேறுபாட்டைத் திருத்தாது. பழைய கையேடுகளில் 5.2 என்று போட்டிருந்தால் அது சூட்டில் அளந்ததா, ஆறிய பின் அளந்ததா என்று பார்க்காமல் பின்பற்றக் கூடாது. இந்த அத்தியாயத்தில் வரும் எண்கள் எல்லாம் ஆறிய சாற்றுக்கு. கொதிக்கும் சாற்றில் மீட்டரை விட்டுக்கொண்டிருந்தால் முனையும் சீக்கிரம் போய்விடும்.

மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர், கோடையில் போர்வெல் தண்ணீர் என்று மாற்றி மாற்றி விடும் ஊர்களில் போன மாத அறிக்கை இந்த மாதத்துக்கு உதவாது. மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் காரத்தன்மைச் சோதனைப் பெட்டியே போதும். சொட்டு எண்ணும் வேலைதான். காய்ச்சும் அன்று காலை பார்த்துவிடலாம்.

அலசும் தண்ணீர்

ஊறல் முடிந்து சாற்றை வடித்த பிறகு உமியில் இன்னும் இனிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்க மேலே வெந்நீர் ஊற்றி அலசுவார்கள். முதலில் வரும் சாறு கெட்டியானது. அதில் மால்ட்டின் அமிலம் தாராளமாக இருப்பதால் பி.எச். அசையாது. போகப் போகச் சாறு நீர்த்துக்கொண்டே வரும், அமிலமும் குறையும், தண்ணீரின் காரம் மேலோங்கும். ஊறலில் 5.4ஐப் பிடித்த ஆலையிலும் கடைசிக் குடம் 6ஐத் தொட்டுவிடும். கூடவே வெந்நீர் 78 டிகிரியைத் தாண்டியிருந்தால் உமியின் துவர்ப்பு முழுக்க அந்தக் கடைசிக் குடத்தில்தான் இறங்கும்.

அதனால் அலசும் தண்ணீருக்கும் தனியாகக் கொஞ்சம் அமிலம் விட்டு 5.8க்குக் கீழே வைத்துக்கொள்வது வழக்கம். வடியும் சாற்றின் சர்க்கரை 2, 3 சதவீதத்துக்கு இறங்கியதும் குழாயை மூடிவிட வேண்டும். அதற்குமேல் வருவதில் சர்க்கரை சொற்பம். கொதிகலம் நிறைய இன்னும் 20 லிட்டர் குறைகிறதா? அந்த இடத்தைப் பக்குவப்படுத்திய வெறும் தண்ணீரால் நிரப்பிக்கொள்ளலாம்.